சொல் வேண்டும்: மீன்தொட்டியை ‘சைக்கிள்’ செய்வது (திங்கள் காலை அச்சு)

அறிவியல் ஆசிரியை, தஞ்சாவூர்:

வணக்கம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காக, 2000 ரூபாய்க்குள் செடி வைத்த நன்னீர் மீன்தொட்டி அமைப்பது பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். 2 அடித் தொட்டி, சலித்த தோட்டத்து மண் 1 அங்குலம், அதன்மேல் கழுவிய ஆற்றுமணல் 1 அங்குலம், ஸ்பான்ஜ் ஃபில்டர், சாதாரண வெள்ளை எல்இடி விளக்கு. இதுவரை சொல்லுக்குச் சிரமம் இல்லை.

மீன் விடுமுன் தொட்டியை 4 முதல் 6 வாரம் ஓடவிட வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவதில் அத்தனை நஞ்சில்லை, செடிக்கு உணவும்கூட. இந்த பாக்டீரியா பெருகக் காத்திருப்பதைத்தான் ‘சைக்கிள் பண்ணுவது’ என்கிறார்கள். பிள்ளைகளுக்கு சைக்கிள் என்றால் மிதிவண்டி. ‘சுழற்சியாக்கம்’ என்று போடலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி:

அம்மா, ‘பண்படுத்தல்’ இருக்கிறதே! விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்துகிறோம், மீன் விடுமுன் தொட்டியைப் பண்படுத்துகிறோம். வேர் இன்னும் ஆழமானது. யாழில் கையால் செய்யும் தொழில்கள் எட்டு என்று சிலப்பதிகாரக் கானல்வரி வரிசைப்படுத்துகிறது. பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல் என்று போகும் அந்த வரிசையில் முதலில் நிற்பது பண்ணல், அதாவது யாழை இசைக்க ஆயத்தம் செய்வது. குதிரையையும் தேரையும் பூட்டி ஆயத்தம் செய்வதையும் சங்கப் பாடல்கள் ‘பண்ணி’ என்றே சொல்லும். ஆக, பயன்பாட்டுக்கு முந்திய ஆயத்தம் அந்த வேரிலேயே கிடக்கிறது. பண்பாடும் அங்கிருந்து வந்ததே.

‘அம்மோனியா’வையும் அப்படியே விடலாமா? நவச்சாரம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே.

மீன் வளர்ப்பவர், கொளத்தூர்:

ஐயா, நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு, அம்மோனியா இல்லை. கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வேறு பொருளைத் தருவார்கள். பிள்ளைகள் அதைத் தொட்டியில் போட்டுவிட்டால் என்ன ஆவது?

ஆசிரியைக்கு ஒன்று சொல்ல வேண்டும். செடித்தொட்டிக்குச் ‘சுழற்சி’ சரிவராது. வேகமாக வளரும் செடி நிறைய இருந்தால், பாக்டீரியாவுக்குப் போகுமுன்பே அம்மோனியாவைச் செடி நேரடியாக இழுத்துக்கொள்ளும். பாதி வேலை அந்த வட்டத்துக்கு வெளியே நடக்கிறது. ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் முதல் நாளே அடர்த்தியாக நடச் சொல்லுங்கள், கையேட்டில் மிக முக்கியமான வரி அதுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். குளோரின் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

சொல் என்று கேட்டால், ‘பழக்குதல்’. புது மண்சட்டியைப் பழக்குகிறோம் அல்லவா?

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:

நாங்கள் நைதரசன், நைத்திரேற்று என்று படித்தவர்கள். அங்கே நைட்ரஜன், நைட்ரேட். இதிலேயே ஒன்றுபடாத நிலையில் மூன்றாவதாக ஒரு தனிச்சொல் வந்தால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் புரியவேண்டும். பழக்குதல் புரியும். ஆனால் ஒரு சிக்கல்: வாங்கி வந்த மீனைப் பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு வெப்பநிலைக்கு ஏற்ப மாற்றுவதையும் ‘மீனைப் பழக்குதல்’ என்கிறோம். ஒரே பக்கத்தில் இரண்டு பழக்குதல் வந்தால்?

கணிப்பொறியாளர், கோவை:

‘உறையிடல்’ எப்படி? பாக்டீரியா ஏற்கெனவே பெருகியிருக்கும் பழைய தொட்டியின் ஸ்பான்ஜைப் புதுத் தொட்டியில் பிழிந்தால் 6 வாரம் என்பது நன்றாகவே குறையும். அதுவும் உறைமோர்தான்.

மீன் வளர்ப்பவர், கொளத்தூர்:

ஸ்பான்ஜ் பிழிகிற அந்த ஒரு படிக்கு உறையிடல் அருமையான சொல், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதன்முதலாகத் தொட்டி வைக்கிற பிள்ளைக்குப் பழைய ஸ்பான்ஜ் ஏது? உறையில்லாமலும் பாக்டீரியா வரும், நாளாகும். முழு வேலைக்கும் அது பெயராகாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி:

பழகு தன்வினை, பழக்கு பிறவினை, இலக்கணம் சரி. ஆனால் பழகுவதற்கு உயிர் வேண்டும். கண்ணாடித் தொட்டி எதைப் பழகும்? சட்டியைப் பழக்குவது பேச்சு வழக்கு. கலைச்சொல் அதற்கு ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

செடியைப் பற்றிப் பேசியதால் சொல்கிறேன். ‘கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போலவே’ என்று மூதுரை சொல்லும் கொட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குளம் வற்றினாலும் போகாத செடி.

மீன் வளர்ப்பவர், கொளத்தூர்:

கொட்டி தொட்டியிலும் நன்றாக வளரும் ஐயா, கிழங்கை மண்ணில் முழுக்கப் புதைக்காமல் வைத்தால் போதும். அப்புறம், பழகுவது கண்ணாடி இல்லை. ஸ்பான்ஜிலும் மணலிலும் கோடிக்கணக்கில் உயிர் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:

அப்படியானால் ‘தொட்டி பழக்குதல்’, ‘மீன் பழக்குதல்’ என்று இரண்டையும் பெயரோடு சேர்த்தே எழுதிவிடலாம், குழப்பம் தீரும். இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பதால் ‘தொட்டி’க்குப் பின் ப் மிகாது. அச்சில் கவனிக்கவும்.

அறிவியல் ஆசிரியை, தஞ்சாவூர்:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. ‘தொட்டி பழக்குதல்’ என்றே போடுகிறேன். ஸ்பான்ஜ் பிழியும் படிக்கு ‘உறையிடல்’. நைட்ரஜன் சுழற்சி பாடநூலில் உள்ளபடியே விளக்கத்தில் வரும். செடிப் பட்டியலில் கொட்டியைச் சேர்த்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி:

பெரும்பான்மைக்கு மறுப்பில்லை. ஆனாலும் பண்படுத்தலே பொருந்தும் என்ற என் கருத்து மாறவில்லை. இரண்டாம் பதிப்புக்கு முன் பண்ணலின் ஆட்சிகளைத் திரட்டி அனுப்புகிறேன்.