நிசான் மார்ச் கே11: கெட்ட பெயர் காருக்கா, கியர்பெட்டிக்கா?

கல்லடிவாசி:
என் மாமா தமது 1997 ஆம் ஆண்டு நிசான் மார்ச் காரை விற்கப் போகிறார். 1.0 லீற்றர் எஞ்சின், ஓட்டோ கியர். அம்மாவோடு நாங்கள் ஐந்து பேர். கல்முனைக்கு அடிக்கடியும், மாதம் ஒரு தடவை மலைநாட்டிலுள்ள பதுளைக்கும் போய்வர வேண்டும். 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது ஏறிய விலை, 2025 இல் அது மீண்டும் திறக்கப்பட்ட பின்னும் எங்கள் கைக்கு எட்டும்படி இறங்கவில்லை. ஆனால் யாரைக் கேட்டாலும் "மார்ச்சா, வேண்டாம்" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் எவரும் காரணம் சொல்வதில்லை. இந்தக் கார் உண்மையில் அவ்வளவு மோசமானதா?

அக்கரைப்பற்று ஆசிரியை:
பதினான்கு ஆண்டுகளாக மனுவல் கியர் உள்ள 1.3 லீற்றர் மார்ச் ஓட்டுகிறேன். நீங்கள் கேட்ட பேச்சு இந்தக் காருக்குச் செய்யப்படும் அநியாயம் என்றே நினைக்கிறேன். 1992 இல் வெளிவந்த, கே11 எனப்படும் இந்த வடிவம் ஜப்பானில் அவ்வாண்டின் சிறந்த காராகவும், 1993 இல் மைக்ரா என்ற பெயரில் ஐரோப்பாவின் சிறந்த காராகவும் தெரிவானது. ஐரோப்பிய விருதைப் பெற்ற முதல் ஜப்பானியக் கார் இதுதான். அந்நாளைய சிறிய கார்கள் பலவற்றில் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பழைய பாணிக் காபரேட்டர் இருந்தபோது, இதில் பதினாறு வால்வுகளும் மின்னணு முறையில் பெற்றோல் தெளிக்கும் அமைப்பும் இருந்தன. வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால், இத்தனை கிலோமீற்றருக்கு ஒரு முறை பெல்ட் மாற்ற வேண்டும் என்ற செலவு எனக்கு வந்ததே இல்லை. முழங்கால் நோவுள்ள என் அம்மா முன் இருக்கையில் யார் துணையுமின்றி ஏறி இறங்குவார். பின் இருக்கையில் மூன்று பெரியவர்கள் அமர்ந்தால் நெருக்கம்தான்.

செங்கலடி கராஜ்:
ஆசிரியை சொன்னவை மனுவல் காருக்குப் பொருந்தும். கெட்ட பெயரின் வேர் ஓட்டோ கியரில் இருக்கிறது. இது இரண்டு கப்பிகளுக்கிடையே உருக்குப் பட்டி ஓடும், படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடி வகை. எஞ்சினை அதனோடு இணைக்கும் கிளச்சுக்குள் நுண்ணிய இரும்புத்தூள் இருக்கிறது. மின்சாரம் பாயும்போது தூள் காந்தமாகி இறுகி, சுழற்சியைக் கடத்துகிறது. மின்சாரத்தைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்தாலோ, தூள் பழுதடைந்தாலோ, வண்டி புறப்படும்போது வெட்டி வெட்டி இழுக்கும். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு மார்ச்சில், முன்பு சேர்விஸ் செய்தவர்கள் சிவிடி எண்ணெய்க்குப் பதிலாகச் சாதாரண கியர் எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். உரிமையாளரோ எஞ்சின் போய்விட்டது என்று எண்ணிக் காரை இரும்பு விலைக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார். எஞ்சினில் ஒரு குறையும் இருக்கவில்லை.

வாங்குவதானால் நல்ல வெயில் நேரத்தில் நாற்பது நிமிடம் ஓட்டி, கியர்பெட்டி சூடேறிய பிறகு நின்று நின்று புறப்பட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம் துரு. உங்கள் கல்லடியைப் போல வாவிக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் கார்களில், கதவுகளுக்குக் கீழே ஓடும் தகடு உள்ளிருந்தே உக்கிவிடுகிறது. மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும்.

பிபிலை ஓட்டுநர்:
காரின் பெயரைக் காப்பாற்றுவது ஒன்று, உங்களுக்கு அது பொருந்துவது வேறொன்று. பதுளைக்குப் போகும் வழியில் லுணுகலையிலிருந்து பசறை வரையான ஏற்றத்தில் ஐந்து பேரையும் ஏசியையும் சுமந்து செல்ல 1.0 லீற்றர் எஞ்சின் மிகவும் சிரமப்படும். அந்தச் சுமை முழுவதையும் தாங்குவது மேலே சொன்ன அதே கியர்பெட்டிதான். கல்முனை வரைதான் என்றால் தாராளமாக வாங்குங்கள் என்பேன். மாதாமாதம் பதுளை என்றால், 1.3 மனுவல் கிடைக்கும் வரை பொறுத்திருங்கள்.

கல்லடிவாசி:
மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கல்முனை வரை ஓட்டிப் பார்த்தேன். கியர்பெட்டி ஒரு தடவைகூட வெட்டவில்லை. எஞ்சின் தையல் இயந்திரம்போல் ஓடியது. திரும்பி வந்து இடது பின் கதவடியில் விரிப்பைத் தூக்கி, ஸ்குரூ டிரைவரால் மெல்ல அழுத்தினேன். அது கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. மாமா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துவிட்டு, தகடு வேலையை முடித்த பிறகு விலை பேசுவோம் என்று தாமாகவே சொன்னார். அதற்கிடையில் மகா ஓயா, பிபிலைப் பக்கம், உப்புக்காற்றுப் படாத மனுவல் மார்ச் ஏதேனும் விற்பனைக்கு இருந்தால் தெரிவியுங்கள்.