மறுமொழி: படக்கோப்பில் ஒளிந்து வரும் தீநிரலுக்கு (மால்வேர்) தமிழ்ச்சொல்

> எல்லாவற்றுக்கும் 'ஊடக நச்சுநிரல்' என்று ஒரே சொல் போதாதா அண்ணா? சமூக மன்றத் துண்டறிக்கையில் இடமும் குறைவு.

வணக்கம் தங்கச்சி, மற்ற நண்பர்களுக்கும்.

போதாது. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு ஆபத்துகள் அடைபட்டுவிடுகின்றன. இரண்டுக்கும் தற்காப்பு வேறு வேறு.

முதலாவது, படமே இல்லாத கோப்பு. அதன் பெயர் 'கல்யாணம்.எம்பி4.இஎக்ஸ்இ'. விண்டோஸ் தனக்குத் தெரிந்த பின்னொட்டை (பெயரின் கடைசியில் கோப்பின் வகையைச் சொல்லும் பகுதியை) இயல்பாகவே மறைத்துவிடுவதால் 'கல்யாணம்.எம்பி4' மட்டுமே கண்ணில் படும். சின்னமும் காணொளிச் சின்னமாகவே இருக்கும். சொடுக்கினால் நிரல்தான் ஓடும். 'படம் பார்க்க முதலில் இந்தக் கோடெக்கை (காணொளியை ஓட்ட உதவும் துணை நிரலை) இறக்குங்கள்' என்று கேட்பதும் இதே வகைதான். 2023இல் இங்கே சிங்கப்பூரில் பலரை ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பை) இறக்க வைத்து வங்கிப் பணத்தைச் சுருட்டினார்கள். அங்கே படத்துக்குப் பதில் செயலி வேடம். ஆகவே 'வேடக்கோப்பு' என்று வைக்கலாம். தேக்கா சந்தையில் காய்கறி வாங்க வரும் பாட்டிக்கும் விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவதுதான் எனக்குக் கவலை தருவது. இங்கே கோப்பு அசல் காணொளியேதான். எம்பி4 கோப்பு பெட்டி பெட்டியாக அமைந்தது. ஒவ்வொரு பெட்டியும் தன் அளவைத் தானே சொல்லும். அந்த அளவைப் பொய்யாக எழுதிவிட்டால், குறையுள்ள பிளேயர் சிறிய இடத்தை ஒதுக்கிவிட்டு அதில் கொள்ளாத தகவலைக் கொட்டும். நினைவகத்தில் பக்கத்து இடம் அழியும், அந்த வழியில் தீநிரல் நுழையும். 2015இல் ஆண்ட்ராய்டில் தெரியவந்த ஸ்டேஜ்ஃபிரைட் குறை இப்படிப்பட்டதுதான். எம்எம்எஸ்ஸில் வந்த காணொளியை ஆண்ட்ராய்டு தானாகவே அலசும்போதே தாக்குதல் நடக்கலாம் என்ற நிலை அன்று இருந்தது. கைப்பேசிக்கு உரியவர் அதைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. 2017இல் செக் பாயிண்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெறும் வசனவரிக் கோப்பை வைத்தே 'விஎல்சி', 'கோடி' முதலிய பிளேயர்களைத் தாக்கிக் காட்டினார்கள்.

இதைப் பின்னொட்டைப் பார்த்துப் பிடிக்க முடியாது. மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிப்பதுதான் காப்பு. பெரியவர்களிடம் 'பெயரைப் பார்த்துத் திறங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பாதிப் பாதுகாப்புதான் கொடுத்தவர்கள் ஆவோம்.

> 'ஒளிகோப்பு' எப்படி?

காணொளி, ஒலி, ஒளி என்று ஏற்கெனவே நெரிசல். படிப்பவர் 'ஒளிந்திருப்பது' என்று கொள்ளாமல் வெளிச்சம் என்றே எடுத்துக்கொள்வார். நான் 'கரவுக்கோப்பு' என்கிறேன். உள்ளே வஞ்சம் வைத்திருப்பது கரவு. கோப்பு அசல், உள்ளடக்கம் வஞ்சகம் என்பது அப்படியே வந்துவிடுகிறது. வகுப்பில் புரியாமல் போனால் 'நச்சுக்கோப்பு' என்று மாற்றவும் சம்மதம். ஆனால் இரண்டு சொல் வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம், பொதுச்சொல்லாக 'தீம்பொருள்' வேண்டாமே. தீம்பால், தீங்கனி என்று பழகிய காதுக்கு அது இனிப்பு. 'தீநிரல்' போதும்.

துண்டறிக்கைக்கு என் வரிகள்:

"வேடக்கோப்பைத் திறக்காதீர்கள்: முழுப் பெயரையும் பாருங்கள். கரவுக்கோப்பு கண்ணுக்குத் தெரியாது: கைப்பேசி புதுப்பிக்கச் சொன்னால் அன்றே புதுப்பியுங்கள்."

அச்சுக்குப் போகுமுன் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.