அரைநாள் கேட்டமரான் பயணம்: இறங்கும் முன், இறங்கிய பின், ஏறும்போது

கரையோரம்:
அரைநாள் கேட்டமரானில் (இரண்டு உடல்களை நடுத்தளத்தால் இணைத்த பாய்ப்படகு) போய் வந்தவர்களும், அதில் வேலை பார்த்தவர்களும் எழுதுங்கள். "செம ஜாலி" என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கே சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது, அதற்கு என்ன செய்வது என்று எழுதினால் அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

நேரக் கணக்கை நான் தொடங்கிவைக்கிறேன். நான்கு மணி நேரப் பயணம் என்றால் நான்கு மணி நேரமும் தண்ணீரில் என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஏறி, பாதுகாப்பு விளக்கம் கேட்டு, துறையை விட்டுக் கிளம்ப அரை மணி. இடம் போய்ச் சேர முக்கால் மணி, திரும்ப முக்கால் மணி. நங்கூரம் பிடித்ததா என்று பார்க்கப் பத்து நிமிடம். மிஞ்சுவது இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குள் ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, குப்புற மிதந்து மீன் பார்ப்பது), கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு), பேடில் போர்டு (நின்றபடி துடுப்புப் போடும் பலகை), சாப்பாடு எல்லாம் நடக்க வேண்டும். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் மாட்டுவதிலும் கழற்றுவதிலுமே பொழுது போய்விடும். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்வது மேல்.

நங்கூரம்:
காலையா பிற்பகலா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் கடல்காற்று வலுக்கும். மீன் பார்க்க வேண்டுமா, காலையில் போங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுப் பாயில் ஓட வேண்டுமா, பிற்பகல். 11 முதல் 16 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வரை காற்று இருந்தால் பாய்க்கு அருமை. 20ஐத் தாண்டினால் பொறுப்பான கேப்டன் நீச்சல் இடத்தை மாற்றுவார், இல்லையென்றால் பயணத்தையே தள்ளிவைப்பார். அவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள்.

"கேட்டமரான் ஆடவே ஆடாது" என்று நம்பி ஏறுகிறவர்கள் நிறைய. பாதிதான் உண்மை. இரண்டு ஹல்லுக்கும் (படகின் உடல்கள்) இடையே நல்ல அகலம் இருப்பதால் ஒற்றை ஹல் பாய்ப்படகு மாதிரி ஒருபக்கம் சாய்ந்தே ஓடாது. ஆனால் அலை சாய்வாக வரும்போது ஒரு ஹல் ஏறும், அதற்குள் மற்றது இறங்கும். அந்த ஆட்டம் சின்னது, ஆனால் வெடுக் வெடுக்கென்று இருக்கும். நடக்கும்போது ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்திருக்கட்டும்.

எதிர் அலையில் போகும்போது நடுத்தளத்தின் அடியில் தண்ணீர் அறைந்து 'டமார்' என்று சத்தம் வரும். படகு உடையவில்லை, பயப்பட வேண்டாம். வேகத்தைக் குறைத்தாலோ திசையைக் கொஞ்சம் திருப்பினாலோ அடங்கிவிடும். அந்த நேரத்தில் முன்வலையில் (முன்பக்கம் இரண்டு ஹல்லுக்கும் நடுவே கட்டிய வலை) யாரும் படுத்திருக்கக் கூடாது. அடியிலிருந்து பீறிடும் தண்ணீர் ஆளையே தூக்கிப் போடும். கடல் அமைதியாக இருந்தாலும் வலையில் குதிக்காதீர்கள். வலையைச் சட்டத்தோடு கட்டியிருக்கும் கயிறு வெயிலிலேயே கிடந்து இற்றுப்போயிருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. மூக்குக்கண்ணாடி, மோதிரம், போன் எதுவும் வலைக்கு வரவேண்டாம், கண்ணி வழியே நேராகக் கடலுக்குப் போய்விடும்.

செருப்பை ஏறும் இடத்தில் கூடையில் போடச் சொல்வார்கள். வெறுங்காலில் நடக்கும்போது கயிறு கட்டும் கொம்புகளில் கால்விரல் இடிப்பதுதான் அடிக்கடி நடக்கிற காயம். பாய் ஏற்றும்போது தளத்தில் சுருண்டு கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் காலை வைக்காதீர்கள், இழுபடும்போது காலோடு இழுக்கும். வின்ச்சில் (பாய்க்கயிற்றை இழுத்து இறுக்கும் உருளை) சுற்றியிருக்கும் கயிற்றை "நானும் பிடிக்கிறேன்" என்று தொட வேண்டாம்.

உப்புக்காற்று:
குமட்டல் பத்தி நான் சொல்றேன். வந்தப்புறம் மாத்திரை போட்டுப் பிரயோஜனம் இல்லை. அதுக்குள்ள வயிறு எதையும் ஏத்துக்காத நிலைக்குப் போயிருக்கும், மாத்திரையும் வெளியேதான் வரும். டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் வகைன்னா கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடி. ரெண்டுமே தூக்கம் வரவைக்கும், அதோட மது சேரக் கூடாது. காதுக்குப் பின்னாடி ஒட்டுற ஸ்கோபோலமின் பட்டைன்னா நாலு மணி நேரமாவது முன்னாடி ஒட்டணும், அதுவும் டாக்டர் சொன்னாத்தான். ஒட்டின கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம கண்ணைத் தேய்ச்சா கண்மணி விரிஞ்சு பார்வை மங்கிடும், கடல் வெயில்ல அது பெரிய தொல்லை. கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவங்க எந்த மாத்திரையா இருந்தாலும் டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க.

உட்கார இடம் பின்பக்கம், நடுவுல. கண்ணு அடிவானத்துல இருக்கட்டும், போன்ல வேண்டாம். கேபினுக்குள்ள இறங்கி வாந்தி எடுக்கலாம்னு நினைக்காதீங்க, மூடின இடத்துல ரெண்டு மடங்கு மோசமாகும். பணியாளர்கிட்ட சொல்லிட்டு, காற்று எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எடுங்க. எதிர்ப் பக்கம் எடுத்தா எல்லார் முகத்துலயும் விழும். ஓடுறப்ப நல்லா இருந்தவங்களுக்குக் கூட நங்கூரம் போட்டு நின்னு ஆடும்போதுதான் வரும். தண்ணில இறங்கினா நிறைய பேருக்குக் குறையும். ஆனா வாந்தி எடுத்துச் சோர்ந்தவங்க தனியா இறங்கக் கூடாது.

நீச்சல்பாடம்:
எல்லோரும் ஆழத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது பின்பக்கப் படியிலிருந்து தண்ணீர் வரைக்கும் உள்ள அந்தக் கடைசி ஒரு மீட்டரைப் பார்த்துத்தான். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இறங்குவதற்கு முன்: கேப்டன் வாய்திறந்து "இறங்கலாம்" என்று சொல்லும்வரை யாரும் இறங்கக் கூடாது. கேட்டமரானில் ஒவ்வொரு ஹல்லிலும் ஒரு எஞ்சின், அதாவது இரண்டு ப்ரொப்பெல்லர்கள். ஏணியும் அவற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நியூட்ரலில் இருந்தால் போதாது, ஒரு முழங்கை பட்டால் லீவர் நகரும். இரண்டும் அணைந்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். அதன் புகை தண்ணீர் மட்டத்துக்கு அருகில்தான் வெளியேறும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கப் படியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அரட்டை அடிப்பது வேண்டவே வேண்டாம்.

ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) போட்டுக்கொண்டு தளத்தில் நடப்பவரைப் பார்த்தாலே எனக்குப் பதறும். கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டு, அங்கேயே ஃபின் மாட்டி, ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்தபடி சறுக்கி இறங்குங்கள். குதிக்கத்தான் வேண்டுமென்றால் கால் முதலில், ஒவ்வொருவராக, கீழே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு. தலைகீழாகப் பாய வேண்டாம். ஆழம் எவ்வளவு என்று கேப்டனைக் கேளுங்கள். திரையில் தெரியும் எண் சில படகுகளில் கீலுக்குக் (படகின் அடிமுதுகு) கீழே உள்ள ஆழம், சிலவற்றில் தண்ணீர் மட்டத்திலிருந்து உள்ள ஆழம். எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இறங்கியதும்: பின்னால் மிதவை கட்டிய 20, 30 மீட்டர் கயிறு ஒன்று விட்டிருப்பார்கள். இல்லையென்றால் விடச் சொல்லிக் கேளுங்கள். அது எந்தத் திசையில் விறைத்து நிற்கிறது என்று பாருங்கள், நீரோட்டம் அந்தப் பக்கம். 1 நாட் நீரோட்டம் என்றால் நிமிடத்துக்கு 30 மீட்டர் தள்ளும். பத்து நிமிடம் குனிந்து மீன் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் படகு 300 மீட்டர் தள்ளி நிற்கும். சாதாரணமாக நீந்துகிறவரால் அதை எதிர்த்து வர முடியாது. ஆகவே முதலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள், களைத்த பிறகு அதுவே கொண்டுவந்து சேர்க்கும். எதிர்த்துப் போகவே முடியவில்லையா, கயிற்றைப் பிடித்துத் திரும்பிவிடுங்கள். தூரத்தில் மாட்டிக்கொண்டால் எதிர்த்து அடித்துச் சாகாமல் மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள். நலமாக இருந்தால் முஷ்டியைத் தலைமேல் வைத்துக் காட்டுவது வழக்கம். சும்மா "ஹாய்" சொல்லக் கையை ஆட்டினால் பணியாளர் உங்களைக் காப்பாற்றக் குதித்துவிடுவார்.

ஏறும்போது: கடல் கொஞ்சம் எழும்பி விழுந்தாலும் படகின் பின்பக்கம் மேலே போய்க் கீழே அறையும். அந்தப் படியின் அடிப்பகுதி தலையில் இறங்கினால் தாங்காது. கை நீட்டும் தூரத்தில் நின்று இரண்டு மூன்று அலையைக் கவனியுங்கள். ஏணியையோ கயிற்றையோ பிடித்துக்கொண்டு ஃபினை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே கொடுங்கள். மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும். படி தாழ்ந்து வரும்போது இரண்டு கையாலும் பிடித்து ஒரு காலைப் படிக்கட்டில் வைத்தால், அடுத்த எழுச்சியில் படகே உங்களைத் தூக்கிக்கொள்ளும். உயரும்போது எட்டிப் பிடித்தால் தோள்பட்டை பிய்யும். அடுத்தவர் மூன்று மீட்டர் தள்ளிக் காத்திருக்க வேண்டும், ஏறுபவருக்கு நேர்கீழே அல்ல. இரண்டு ஹல்லுக்கும் இடையில், நடுத்தளத்துக்கு அடியில் நுழைந்து நீந்துவது சிறுவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நிழலாக இருக்கிறதே என்று பெரியவர்களும் போவார்கள். அலை எழும்பும்போது மேலே உள்ள இடைவெளி சட்டென்று குறையும். யாரையும் விடாதீர்கள்.

மூச்சுக்குழல்:
அருமையாக எழுதியிருக்கிறீர்கள், அக்கா. மாஸ்க் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் "எனக்கு ஸ்நார்க்கலிங் வராது" என்று சொல்பவர்களில் பலருக்கும் பிரச்சினை மாஸ்க்தான்.

பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. விழுந்தால் வேறு கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். தண்ணீர் உள்ளே வந்தால் எல்லோரும் செய்வது பட்டையை இறுக்குவது. இறுக்கினால் ரப்பர் விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகும், நெற்றியில் வரியும் விழும். முதலில் விளிம்புக்கடியில் முடி மாட்டியிருக்கிறதா பாருங்கள், ஒரே ஒரு முடி போதும். பட்டை காதுக்கு மேலே, பின்மண்டையின் உயரமான பகுதியில் இருக்க வேண்டும். மீசை உள்ளவர்களுக்கு மூக்குக்கடியில் கொஞ்சம் வாசலின் தடவினால் ஒழுகல் குறையும்.

கண்ணாடி மங்காமல் இருக்க: உள்கண்ணாடியில் ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பு தேய்த்து, ஒருமுறை மட்டும் அலசுங்கள். எச்சிலும் வேலை செய்யும். புது மாஸ்க்கில் தொழிற்சாலைப் படலம் இருக்கும், அதை வீட்டிலேயே பற்பசையால் தேய்த்து எடுத்தால்தான் இதெல்லாம் பலிக்கும். கண் பவர் உள்ளவர்களுக்கு மைனஸ் லென்ஸ் போட்ட மாஸ்க் சில படகுகளில் இருக்கும், முன்பதிவின்போதே கேளுங்கள்.

குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் "தூ" என்று ஒரே மூச்சில் பலமாக ஊதுங்கள். மெதுவாக ஊதினால் தண்ணீர் மேலே ஏறி மறுபடி இறங்கும். மூச்சு ஆழமாக, நிதானமாக இருக்கட்டும். குட்டிக் குட்டியாக வேகமாக மூச்சு விட்டால் குழாயில் தங்கிய பழைய காற்றையே திரும்ப இழுப்பீர்கள். மூச்சு வாங்குவதுபோல் தோன்றினால் உடனே மல்லாந்து, குழாயை வாயிலிருந்து எடுத்து, உதவி கேளுங்கள். "இன்னும் ரெண்டு நிமிஷம்" வேண்டாம். முழுமுக மாஸ்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே இடம் அதிகம், வால்வு சரியில்லாவிட்டால் விட்ட மூச்சே திரும்ப வரும், அவசரத்தில் கழற்றவும் நேரமாகும்.

கீழே மூழ்கிப் பார்ப்பவர்களுக்கு: இரண்டு மூன்று மீட்டரிலேயே காது வலிக்கும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அழுத்தத்தைச் சமன்செய்யுங்கள், வலி வந்தபின் அல்ல, வருவதற்கு முன்பே. சாதாரண நீச்சல் கண்ணாடியோடு மூழ்க வேண்டாம். அதில் மூக்கு உள்ளே இல்லாததால் அழுத்தத்தைச் சமன்செய்ய வழியில்லை.

கரையோரம்:
நீச்சலே தெரியாதவர் இறங்கலாமா? இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது.

தக்கை:
இறங்கலாம், எதைப் போட்டுக்கொண்டு என்பதுதான் கேள்வி. லைஃப் ஜாக்கெட்டின் உள்ளே லேபிளைப் பாருங்கள், அது எவ்வளவு விசையோடு மிதக்க வைக்கும் என்று நியூட்டனில் போட்டிருக்கும். 50 நியூட்டன் என்றால் அது நீந்தத் தெரிந்தவருக்கான உதவி மட்டும். நீச்சல் தெரியாதவருக்கு 100 நியூட்டன். 150 நியூட்டன் தானாக ஊதும் வகை தளத்தில் போட்டுக்கொள்ள நல்லது, ஆனால் அதோடு குதித்தால் தண்ணீர் பட்டதும் வாயுக்குப்பி துளைபட்டு ஊதிவிடும். பிறகு குப்புறப் படுத்து மீன் பார்க்க முடியாது, குப்பியும் வீண். மாட்டியதும் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் பெரியது. குழந்தைகளுக்குக் கவட்டைப் பட்டை கட்டாமல் விடவே கூடாது, ஜாக்கெட் மேலே நழுவி குழந்தை அடியில் நிற்கும். கைப்பட்டை, வளையம் எல்லாம் குளத்து விளையாட்டுச் சாமான்.

நங்கூரம்:
பேடில் போர்டு ஒரு வரி: முதலில் காற்று வரும் திசை நோக்கிப் போங்கள், வரும்போது காற்று கொண்டுவரும். மாற்றிப் போனவர்களைத்தான் ரப்பர் படகில் போய் இழுத்துவர வேண்டியிருக்கிறது. கணுக்கால் கயிறு கட்டாயம், விழுந்தால் போர்டு உங்களைவிட வேகமாகப் போகும். நிற்க முடியாத காற்றில் மண்டியிட்டே துடுப்புப் போடுங்கள். துடுப்பின் வளைவு முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், முக்கால்வாசிப் பேர் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்.

உப்புக்காற்று:
ஜெல்லி மீன் பட்டா: வெளியே வந்து கடல்தண்ணியாலயே அலசுங்க, நல்ல தண்ணி வேண்டாம், மண் தேய்க்க வேண்டாம். ஒட்டியிருக்கிற இழையை இடுக்கியால எடுத்துட்டு, தாங்குற அளவு சூடான தண்ணி, 45 டிகிரிக்கு மேல போகாம, 20 நிமிஷம். வினிகர், 'பெட்டி ஜெல்லி'ங்கிற (box jellyfish) வகைக்குத்தான், எல்லாத்துக்கும் ஊத்தக் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலின்னா உடனே கரைக்குத் திருப்பச் சொல்லுங்க.

வெயில்: குப்புற மிதக்கிறப்ப முழங்காலுக்குப் பின்பக்கமும் பிடரியும்தான் வேகும். முழுக்கை நீச்சல் சட்டை போட்டா பாதி வேலை முடிஞ்சுது. மிச்ச இடத்துக்கு க்ரீமைப் படகுல ஏறுறதுக்கு முன்னாடியே பூசுங்க. தளத்துல பூசினா எண்ணெய்க் காலோட அடுத்த ஆள் வழுக்குவார்.

தக்கை:
கழிவறையை யாரும் சொல்லவில்லை. கைப்பம்பு வகையில் லீவரை 'ஈரம்' பக்கம் வைத்து நன்றாகப் பம்பு அடித்து, பிறகு 'உலர்' பக்கம் மாற்றித் தண்ணீர் வற்றும்வரை அடித்து, அப்படியே உலர் பக்கத்தில் விட்டுவிட்டு வாருங்கள். ஈரம் பக்கத்திலேயே விட்டால் கடல்தண்ணீர் மெல்ல ஏறித் தொட்டி நிரம்பலாம். காகிதம், ஈரத்துடைப்பான், எதுவும் உள்ளே போகக் கூடாது. குழாயே 38 மில்லிமீட்டர்தான், அதில் உள்ள ரப்பர் வால்வின் வாய் அதைவிடச் சிறியது. அடைத்தால் மீதிப் பயணம் முழுக்க அத்தனை பேருக்கும் கழிவறை கிடையாது.