கன்செர்டினா: துருத்தியை மூடினால் காந்தாரம் ஊமை, வேறொரு சுரம் கூடவே முனகுகிறது. உதவி தேவை

காட்பாடி வாசி

வணக்கம். என்னிடம் இருபது பொத்தான் ஆங்கிலோ கன்செர்டினா ஒன்று இருக்கிறது, இரு கையிலும் பிடித்துத் துருத்தியை விரித்து மூடி வாசிக்கும் கருவி. அறுகோணப் பெட்டி, பக்கத்துக்குப் பத்துப் பொத்தான். சித்தப்பா இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது பழைய பொருள் கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். வேலூர் சுற்றுவட்டாரத்தில் கற்றுத்தர ஆள் கிடைக்காததால் நானாகவே பழகுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு சுரம். துருத்தியை மூடும்போது ஒன்று, விரிக்கும்போது இன்னொன்று. உள்ளங்கைக்குத் தள்ளியிருக்கும் வரிசை ஒரு கட்டைச் சுருதி (மேற்கத்திய C), உள்ளங்கையை ஒட்டிய வரிசை ஐந்து கட்டை (G). ஒரு கட்டை வரிசையில் மூடினால் ச, க, ப. விரித்தால் ரி, ம, த, நி. இது கைக்குப் பிடிபட்டதும் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இப்போது தொல்லைகள். முதலாவது, இடது பக்கம் ஒரு கட்டை வரிசையில் நான்காவது பொத்தான். விரித்தால் மத்திமம் அழகாகப் பேசுகிறது. மூடினால் காந்தாரம் வரவே இல்லை.

இரண்டாவது, கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து வலது பக்கத்தில் ஒரு சுரம் தானாக முனகுகிறது.

மூன்றாவது, மோகன ராகம் வாசித்தால் பாதி வரியிலேயே துருத்தி மூடிக்கொண்டு காற்றுத் தீர்ந்துவிடுகிறது. துருத்தி ஓட்டையா?

கீழ் வீட்டுக்காரர் நேற்று மேலே வந்து, மிக்ஸியைச் சரி பார்க்கக் கூடாதா என்று பணிவாகக் கேட்டுவிட்டுப் போனார். ஆகவே கொஞ்சம் அவசரம்.

சத்துவாச்சாரி ரசிகர்

பொத்தான் இறுகியிருக்கும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

இங்கிலீஷ் நாற்பத்தெட்டு

எண்ணெய் கூடவே கூடாது! தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம். பொத்தானைச் சுற்றி ஃபெல்ட் இருக்கிறது, துளையை மூடும் பேடிலும், காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் வால்விலும் தோல் இருக்கிறது. எண்ணெய் அவற்றில் ஊறித் தூசியைச் சேர்த்து, கடைசியில் காற்றில் அதிர்ந்து சுரம் எழுப்பும் ரீடு வரைக்கும் போய்ச் சேரும். அதன் பிறகு ஒரு பொத்தான் அல்ல, பக்கம் முழுவதும் மக்கர் செய்யும்.

தம்பி, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பழுது எங்கே என்று பாதி கண்டுபிடித்துவிடலாம். உங்கள் பொத்தானுக்கு ஒரு நெம்புகோல், ஒரு பேட், ஒரு துளை. அந்தத் துளைக்குப் பின்னால் இரண்டு ரீடு. விரிக்கும்போது மத்திமம் சுத்தமாக வருவதால் பொத்தான், நெம்புகோல், பேட், துளை நான்கையும் சந்தேகிக்க வேண்டாம். மிச்சம் இருப்பது காந்தார ரீடும் அந்த அறையின் வால்வுகளும்தான். அடியோடு ஊமை என்றால் ரீடு நாக்கில் தூசி மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். மூச்சு வாங்கிக்கொண்டு தாமதமாக வந்தால் வால்வு சுருண்டிருக்கும். உங்களுடையது எது?

முனகலுக்கும் ஒரு கேள்வி. எந்தப் பொத்தானையும் தொடாமல் துருத்தியை அசைத்தாலே முனகுகிறதா, வேறு பொத்தானை அழுத்தும்போது மட்டும் கூடச் சேர்ந்து வருகிறதா?

காட்பாடி வாசி

அக்கா, காந்தாரம் அடியோடு ஊமை. முனகல், நீங்கள் கேட்ட பிறகு கவனித்தேன், வலது பக்கம் முதல் பொத்தானை அழுத்தும்போது மட்டும் பக்கத்துப் பொத்தானின் சுரம் மெலிதாகக் கூட வருகிறது. எதையும் தொடாவிட்டால் சத்தமில்லை.

இங்கிலீஷ் நாற்பத்தெட்டு

நல்லது. தொடாமலே கத்தியிருந்தால் பேட் சரியாக மூடவில்லை, அல்லது ஸ்பிரிங் நழுவிவிட்டது என்று அர்த்தம். உங்களுடையது அறைக்கு அறை காற்றுக் கசிவு. ரீடு பலகையின் அறைத் தடுப்புகள் மேல் பலகையோடு அழுந்தி உட்கார வேண்டும். நடுவில் மெல்லிய தோல் ஒட்டியிருப்பார்கள். வேலூர் வெயிலில் மரம் வற்றிச் சுருங்கினால் அந்த அழுத்தம் விட்டுப்போகும். ஈரமான ஊரில் நூறு வருடம் இருந்த பெட்டியை மே மாதத்தில் இங்கே கொண்டுவந்தால் அது வேறென்ன செய்யும்?

திறக்கும் முறை: பக்கத்துக்கு ஆறு திருகாணி. ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஓர் அட்டையில் அறுகோணம் வரைந்து, எந்த இடத்துத் திருகாணியோ அதே இடத்தில் குத்தி வையுங்கள், பழைய பெட்டிகளில் இவை இடம் மாறினால் மரை பிடிக்காது. மேல் மூடி, பலகை, துருத்திச் சட்டம் மூன்றிலும் ஒரே முனையில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மூடியை எடுத்ததும் உங்களுக்கு எதிரே தெரிபவை விரிக்கும்போது பேசும் ரீடுகள். மூடும்போது பேசுபவை பலகையின் மறுபுறம், துருத்திக்குள் பார்த்தபடி இருக்கும். எனவே பலகையைத் தூக்கித் திருப்ப வேண்டும். காந்தார ரீடின் இரும்பு நாக்குக்கும் பித்தளைச் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்தில் மெல்லிய தாளை நுழைத்து மெதுவாக வெளியே இழுங்கள். நாக்கின் நுனியை நகத்தால் தூக்கிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வளைந்தால் சுருதி போய்விடும், அடக்கிக்கொள்ளுங்கள்.

சுருதி சுத்தம்

அடிப்படையிலேயே எனக்கு ஒரு சந்தேகம். கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) வராத கருவியில் மோகனம் எதற்கு? ஆரம்பப் பாடமான சரளி வரிசையாவது வருமா?

கூத்துப் பெட்டி

செய்யாறு பக்கத்தில் கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவன் நான். கமகம் வராது என்றுதான் ஆல் இந்தியா ரேடியோ 1940இலிருந்து 1971 வரை எங்கள் பெட்டியைத் தள்ளி வைத்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் கூத்து நின்றுபோய்விட்டதா? மத்தளமும் முகவீணையும் பெட்டியும் சேர்ந்து விடிய விடிய நடந்தது. இந்தத் தம்பி கச்சேரி மேடை கேட்கவில்லை ஐயா, காந்தாரம் கேட்கிறார்.

தம்பி, ஒரு விஷயம். ஊரில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்பவரிடம் கொடுக்கலாமா என்று தோன்றும். தூசி எடுப்பது வரைக்கும் தைரியமாகக் கொடுக்கலாம், கூத்துக் களத்துப் புழுதியில் எங்களுக்கு அது வாராந்திர வேலை. ஆனால் ஆர்மோனியத்தில் காற்று ஒரே திசையில்தான் போகும், அதனால் ரீடுக்கு வால்வே கிடையாது. உங்கள் பெட்டியில் இரண்டு திசை. வால்வு என்ற அந்தத் தோல் கீற்றைப் பார்த்ததும் ஏதோ பிய்ந்து தொங்குகிறது என்று யாராவது கிள்ளிப் போட்டுவிடப் போகிறார்கள். சுருதி சேர்க்கவும் விடாதீர்கள். நாக்கின் நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும் என்பது இரண்டுக்கும் பொதுதான். ஆனால் எங்கள் ரீடு பித்தளை நாக்கு, உங்களுடையது இரும்பு. அதற்கு அரத்தின் கணக்கே வேறு.

முப்பது பொத்தான்

மூன்றாவது கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் சுவையான கேள்வி.

முதலில் துருத்தியைச் சோதியுங்கள். பெட்டியை மூடி, ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்கி, பொத்தான் எதையும் தொடாமல் மறுபக்கத்தைத் தொங்கவிடுங்கள். மெதுவாக இறங்கினால் துருத்தி நலம். தடால் என்று விழுந்தால் ஓட்டை.

மெதுவாக இறங்கும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் குற்றம் மோகனத்தில் இருக்கிறது. ச ரி க ப த. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மூடினால் ச, க, ப, விரித்தால் ரி, த. ஐந்தில் மூன்று சுரம் துருத்தியை மூடுகின்றன, அதிலும் நின்று கார்வை கொடுக்கும் சுரங்கள் அவைதான். ரியும் தவும் வந்த வேகத்தில் போய்விடும். காற்று தீராமல் என்ன செய்யும்?

வழி இரண்டு. வலது கட்டைவிரலுக்குக் காற்றுப் பொத்தான் இருக்கிறது அல்லவா? காற்று தீர்ந்த பிறகு அதை அழுத்திப் பெருமூச்சு விட வேண்டாம். ஒவ்வொரு ரி வரும்போதும், த வரும்போதும், சுரம் பேசிக்கொண்டிருக்கையிலேயே அதைச் சற்றுத் திறந்து துருத்தியைக் கூடுதலாக விரியுங்கள். சுரம் கொஞ்சம் மெலியும், வரி உடையாது. இதுதான் ஆங்கிலோவில் கைவர நாளாகும் வித்தை.

இரண்டாவது, ஐந்து கட்டை வரிசையைக் கடன் வாங்குங்கள். இடது பக்கம் அந்த வரிசையின் நான்காவது பொத்தானை விரித்தால் உங்கள் மேல் ஷட்ஜம், ஐந்தாவதை விரித்தால் மேல் காந்தாரம். மேல் ஸ்தாயியில் தொடங்கினால் மூடும் திசையின் சுமை பாதியாகக் குறையும். இன்னும் இரண்டு ராகம் சும்மா கிடைக்கிறது: ஐந்து கட்டை வரிசையின் விரிக்கும் திசையில் பிரதி மத்திமம் இருக்கிறது, ஒரு கட்டை ஷட்ஜத்திலிருந்து கல்யாணி வாசிக்கலாம். ஐந்து கட்டையை ஷட்ஜமாக வைத்து, நிஷாதத்துக்கு மட்டும் மற்ற வரிசையின் மத்திமப் பொத்தானை எடுத்தால் அரிகாம்போதி.

சுருதி சுத்தம் ஐயாவுக்கு: இருபது பொத்தானில் சரளி வரிசையை வழக்கமான மாயாமாளவகௌளை ராகத்தில் வாசிக்க முடியாது, சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் ஒரு கட்டைக்கு அதில் இல்லை. முப்பது பொத்தானின் மேல் வரிசையில் இரண்டும் இருக்கின்றன. இவர் சங்கராபரணத்தில் சரளி வரிசை வாசிக்கட்டும், யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

சுருதி சுத்தம்

சரி, காந்தாரம் முதலில் வரட்டும்.

காட்பாடி வாசி

வந்துவிட்டது! ஏதோ ஒரு கம்பளி இழை, கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை, தாளோடு வெளியே வந்தது. மூடியைப் பூட்டும் முன்பே பொறுமையில்லாமல் ஊதிப் பார்க்கப் போனேன், ஈரம் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று மனைவி தடுத்துவிட்டார். அவருக்குக் கன்செர்டினா பிடிக்காது, இரும்பைப் பற்றித் தெரியும்.

துருத்தி மெதுவாகத்தான் இறங்குகிறது. மோகனம் தைவதத்தில் காற்று வாங்கிக்கொண்டு ஒரு வரி முழுவதும் வந்தது.

முனகல் இன்னும் இருக்கிறது. தவிர, வலது பக்கம் ஒரு வால்வு காய்ந்து வளைந்து நிற்பதைப் பார்த்தேன். மாற்றுத் தோல் எங்கே கிடைக்கும்?

ஆம்பூர் லைனிங்

வேலூரில் உட்கார்ந்துகொண்டு தோல் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்களே! ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் வேறென்ன செய்கிறோம்? நான் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருக்கிறேன். வால்வுக்கு எவ்வளவு கனம் வேண்டும், எப்படி வளைய வேண்டும் என்று சொல்லுங்கள்.

இங்கிலீஷ் நாற்பத்தெட்டு

செம்மறித் தோல், சீவியது, அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக. விரலில் வைத்தால் தொங்கக்கூடாது, வளைத்துவிட்டால் தானாக நிமிர வேண்டும். பெரிய ரீடுக்குச் சற்றுக் கனம், சிறியதற்கு மிக மெலிது. மேலே பாலிஷ் பூச்சு இருக்கவே கூடாது. பழைய வால்வின் அடிப்பக்கம் மட்டும்தான் ஒட்டியிருக்கும். அதே அளவு, அதே நீளம் வெட்டிக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் லைனிங்

அப்படியானால் சாய மெருகு ஏறாத லைனிங் தோல் சரிப்படும். வெட்டித் தள்ளிய துண்டிலேயே உங்கள் பெட்டி முழுவதற்கும் வால்வு தேறும். வெட்டும்போது முதுகெலும்பு வாக்கில் நீளம் வரட்டும். வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுபடும், சீக்கிரம் சுருளும்.

இங்கிலீஷ் நாற்பத்தெட்டு

முனகலுக்கு இப்போதே தோல் மாற்ற வேண்டாம், தம்பி. பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

காட்பாடி வாசி

மாடி அறையில், பீரோவின் மேல்.

இங்கிலீஷ் நாற்பத்தெட்டு

தளத்துச் சூடும் பீரோ இரும்பின் சூடும் சேர்ந்து அடிக்கிறது. கீழே, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரிக்கு மாற்றுங்கள். மூடியில் துளை போட்ட சிறு டப்பாவில் பிழிந்த ஸ்பாஞ்சு வைத்து, பெட்டியின் உறைக்குள் ஒரு மூலையில் வையுங்கள். தோலிலோ மரத்திலோ அது படக்கூடாது. சில வாரம் பாருங்கள். அப்போதும் முனகினால் ரீடு பலகையின் விளிம்புக்கும் துருத்திச் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய அட்டைக் கீற்று வைத்து இறுக்கலாம். ஐப்பசி மழை தொடங்கியதும் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுச் சிலிக்கா பை போடுங்கள், இல்லாவிட்டால் மரம் ஊதிப் பொத்தான் மாட்டும், நாக்கும் துருப்பிடிக்கும்.

கூத்துப் பெட்டி

தம்பி, முனகல் நின்றதும் சொல்லுங்கள். என் பெட்டியோடு உங்கள் ஐந்து கட்டை சேருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஐரோப்பியப் பெட்டிகள் இன்றைய சுருதியைவிடச் சற்று ஏறியோ இறங்கியோ இருப்பதுண்டு. சேராவிட்டால் சுரண்டக் கிளம்பாதீர்கள், தனியாகவே வாசியுங்கள். சேர்ந்தால் ஒரு நாள் ஆற்காடு வழியாகப் பஸ் ஏறி வாருங்கள். எங்கள் ஊரில் கீழ் வீடு கிடையாது.