ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்களில் எழுதும்போது மெட்டு முதலிலா, மெருகு முதலிலா?

கேள்வி (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பழைய தோட்டத்து இளைஞர்கள் எடுத்திருக்கும் 12 நிமிடக் குறும்படத்துக்குப் பின்னணி இசை அமைத்துவருகிறேன். பிள்ளையைத் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் (குழந்தைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு, இருட்டோடு பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடும் ஒரு தாயின் காட்சிக்கு நீலாம்பரி ராகத்தின் சாயலில் ஒரு தாலாட்டு மெட்டு தோன்றியது. அதை நேரடியாக வயலின் சாம்பிள்களில் (உண்மையான வாசிப்பைச் சுரம் சுரமாகப் பதிந்த ஒலிகளில்) எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுரத்துக்கும் கீஸ்விட்ச் (வாசிப்பு முறையை மாற்றும் விசை) தேடி, ஒலியின் ஏற்ற இறக்கத்தை ஆளும் மாடுலேஷன் கோட்டை மவுஸால் வரைந்து முடிப்பதற்குள் மூன்று மணி நேரம் கழிந்து, எட்டு பார் (தாளக் கட்டம்) மட்டுமே மிஞ்சியது. ஒன்பதாவது பாரில் மெட்டு எங்கே போக நினைத்தது என்பதே மறந்துவிட்டது.

சரி, முதலில் பியானோவில் எழுதிப் பிறகு மாற்றலாம் என்று முயன்றால், வயலின்கள் பியானோவைப் போலவே நடக்கின்றன. போதாக்குறைக்கு, மெட்டு வயலினின் கடைசித் தந்திக்கும் கீழே இறங்கிய இடங்களில் சாம்பிள் வாயே திறக்கவில்லை. 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் வேலை செய்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1 (தெலுக் இந்தான்)

தம்பி, பியானோவுக்கும் முழு சாம்பிள் லைப்ரரிக்கும் (தொகுப்புக்கும்) நடுவில் ஒரு படி இருக்கிறது. தாங்கள் அதைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள். பியானோ ஒலி தட்டியவுடன் தேயத் தொடங்கும், வில் இழுக்கும் ஒலியோ நடுவில் வளரும். ஆகவே வரைவையும் நீண்டு நிற்கும் ஒலியில்தான் எழுத வேண்டும். நான் ஸ்பிட்ஃபயர் ஆடியோவின் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் என்ற சிறிய லைப்ரரியை வரைவுக்கு வைத்திருக்கிறேன். அது ஏறக்குறைய 200 எம்பி மட்டுமே என்பதால் மடிக்கணினி திணறுவதில்லை. நீள்சுரம், ஸ்பிக்காட்டோ (வில் துள்ளும் குறுஞ்சுரம்), பிசிக்காட்டோ (விரலால் மீட்டும் சுரம்) ஆகிய மூன்றுக்கு மேல் வரைவில் எதையும் தொடுவதில்லை என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

மவுஸால் வரைவதை இன்றே நிறுத்துங்கள். வலக்கை மெட்டை வாசிக்கும்போதே இடக்கை கீபோர்டின் மாடுலேஷன் சக்கரத்தைத் தள்ளட்டும். பெரும்பாலான லைப்ரரிகளில் சிசி 1 (அந்தச் சக்கரம் அனுப்பும் கட்டுப்பாட்டு எண்) என்பது மெல்ல இழுத்த பதிவிலிருந்து அழுத்தி இழுத்த பதிவுக்கு நகர்த்துவதால் ஒலியின் நிறமே மாறும். சிசி 11 ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நான் ஓராண்டை வீணடித்தேன். 0 முதல் 127 வரை போகும் அந்தச் சக்கரத்தைக் கை அறிந்துவிட்டால், மெட்டும் மெருகும் பாதியளவு ஒரே மூச்சில் பதிவாகிவிடும்.

இன்னொன்று: 16 பேர் வாசித்த வயலின் ஒலியில் மூன்று சுரக் கோவையை அழுத்தினால் 48 பேர் வாசிப்பதாகிவிடும். வரைவில் அது இனிக்கும்; ஆனால் அந்தத் தடிமனை நம்பி எழுதியது, குரல்களைப் பிரித்தவுடன் மெலிந்துபோகும். முதலிலேயே ஒரு டிராக்குக்கு ஒரு குரல் என்று வாசியுங்கள்.

பதில் 2 (பீடோர், கோயில் கச்சேரிகளில் வயலின் வாசிப்பவர்)

மேலே சொன்னது முழுவதும் சரி, ஆனால் நீலாம்பரிக்கு அது போதாது. லெகாட்டோ சாம்பிள் என்பது நிலையான இரண்டு சுரங்களுக்கு இடையிலான நகர்வின் பதிவு. கமகமோ நிலையான சுரத்தில் நிற்கவே மறுப்பது. பிட்ச் பெண்டால் (சுருதியை வளைக்கும் சக்கரத்தால்) அசைத்தால் 16 பேரும் ஒரே விரலால் அசைப்பதுபோலக் கேட்கிறது, காது கூசுகிறது. மெட்டை ஓர் உண்மையான வயலினிலோ குரலிலோ பதிந்து மேலே வையுங்கள். சாம்பிள்கள் அடியில் நீண்ட சுரங்களை மட்டும் தாங்கட்டும். உயிருள்ள ஒரு கருவி முன்னால் நின்றால், பின்னால் இருப்பவற்றையும் காது நம்பிவிடும்.

பதில் 3 (கோலக்கங்சார்)

படத்தில் அந்த நேரம் தவளைச் சத்தமும் பெரட்டு மணியும் இருக்குமல்லவா? அவற்றோடு சேர்த்துக் கேட்ட பிறகே எந்தப் பாரை மெருகேற்றுவது என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நேற்றிரவு தெலுக் இந்தான் அண்ணன் சொன்னபடி இடக்கையைச் சக்கரத்தில் வைத்து வாசித்தேன். முழுக் காட்சியும் நாற்பது நிமிடங்களில் வரைவாகிவிட்டது. பிறகு சினிமாட்டிக் ஸ்டுடியோ ஸ்டிரிங்ஸ் என்ற லைப்ரரிக்கு மாற்றியபோது எல்லாம் பின்தங்கியது. அதன் மெதுவான லெகாட்டோ 333 மில்லிவினாடி தாமதித்தே அடுத்த சுரத்தைத் தொடும் என்பதும், நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் அது அரைத் தட்டு என்பதும் பிறகுதான் புரிந்தது. சுரங்களை அந்த அளவுக்கு முன்னால் நகர்த்தியதும் சரியாகிவிட்டது. மெட்டைப் பாட எங்கள் அம்மாவையே கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் சேவல்கள் அடங்கிய பிறகு பதிவு செய்யப்போகிறோம்.