பபுள் பாபிள்: காற்றின் போக்கைப் பிடித்தால் ஆட்டம் பிடிபடும்

பபுள் பாபிள் என்ற வீடியோ கேமில் எல்லோருக்கும் முதலில் பிடிப்பது குமிழி ஊதும் அந்தக் குட்டி டிராகன்களைத்தான். எனக்கு அதில் இருக்கும் காற்று. ஃபுகியோ மிட்சுஜி வடிவமைத்து 1986-இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஆட்டம் இது. மொத்தம் 100 ரவுண்டு, ஒவ்வொன்றும் நகராத ஒரே திரைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத காற்றோட்டம் ஒன்று உண்டு. நாம் ஊதும் குமிழி கொஞ்ச தூரம் நேராகப் போகும், அப்புறம் காற்று இழுத்த பக்கம் மிதக்கும்.

இது புரிந்ததும் நான் ஆடும் விதமே மாறிவிட்டது. ரவுண்டு தொடங்கியதும் எதிரியைத் துரத்தாமல் இரண்டு மூன்று குமிழிகளை ஊதிவிட்டு, அவை எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்ப்பேன். எதிரிகளை அடைத்த குமிழிகளும் அங்கேதான் வரும். சேர்த்து உடைத்தால் புள்ளிகள் இரட்டித்துக்கொண்டே போகும்: ஒருவனுக்கு 1,000, மூன்று பேருக்கு 4,000, ஏழு பேருக்கு 64,000! ரொம்பக் காத்திருந்தால் உள்ளே இருப்பவன் வெளியே வந்து, கோபத்தில் நிறம் மாறி, இரண்டு மடங்கு தொல்லை கொடுப்பான். இன்னும் தாமதித்தால் எலும்புக்கூடு ஒன்று தேடி வரும். அதைக் கொல்லவே முடியாது. இந்த இழுபறிதான் ஆட்டத்தின் உயிர் என்பேன்.

குதிக்கும் பட்டனை விடாமல் அழுத்தினால் குமிழி மேலேயே எம்பி எம்பி ஏறலாம். பள்ளத்தில் மாட்டிக்கொள்பவர்கள் முதலில் பழக வேண்டியது இதை.

தனியாக ஆடி 100-ஐ முடித்தால் முழு முடிவு கிடைக்காது, நண்பரோடு வரச் சொல்லிவிடும். அதனால் அக்காவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். அவள் கீழே நின்று அடைப்பாள், நான் மேலே காற்று கூடும் இடத்தில் உடைப்பேன். எக்ஸ்டெண்ட் (EXTEND) என்ற சொல்லின் எழுத்துகள் குமிழிகளில் மிதந்து வந்தால் யாருக்கு எது குறைகிறதோ அவருக்கு விட்டுக்கொடுப்போம், ஆறும் சேர்ந்தால் ஓர் உயிர் கூடுமே. கடைசி ரவுண்டில் பாட்டிலை எடுத்தால் மின்னல் குமிழி ஊதலாம். அந்த மின்னலை இரண்டு பக்கமும் நின்று மாறி மாறி அடித்து, அங்கே இருக்கும் பெரிய எதிரியைக் குமிழிக்குள் தள்ளினோம். உடைத்தது அக்கா. கத்தியது இரண்டு பேரும்!