பாதியில் போனவருக்கு என்ன மதிப்பெண் போடுவது?

சேரன்: அல்சைமர் மருந்துச் சோதனையில் பாதியில் விலகியவருக்குக் கடைசியாக எடுத்த மதிப்பெண்ணையே இறுதிவரை போட்டுக்கொள்ளும் எல்.ஓ.சி.எஃப். முறையை ஏன் எல்லோரும் திட்டுகிறீர்கள்? எக்செல்லிலேயே முடிந்துவிடும், டாக்டருக்கும் புரியும். மருந்துக்குச் சாதகமாக எதையும் கூட்டிச் சொல்லாத முறை.

வானதி: கூட்டிச் சொல்லாதா? அல்சைமரில் கதையே தலைகீழ் சார். நினைவாற்றலையும் சிந்தனையையும் அளக்கும் அடாஸ்-காக் தேர்வில் மதிப்பெண் 70 வரை. ஏற ஏற நிலைமை மோசம். டோனெபெசில் என்ற அல்சைமர் மருந்தை எடுக்கும் ஒருவர் 25-ல் தொடங்கி 6-வது வாரம் 24-ல் இருக்கிறார் என்று வையுங்கள். வாந்தி தாங்காமல் விலகிவிடுகிறார். சோதனை முடியும் 24-வது வாரத்திலும் அவருக்கு அதே 24தான். பிளாசிபோ என்ற வெற்று மாத்திரை எடுப்பவருக்கு வாந்தி இல்லை. கடைசிவரை வந்து, நோய் முற்றி, 28 வாங்குகிறார். மருந்து எத்தனை பேரைச் சீக்கிரம் விரட்டுகிறதோ அத்தனை நல்ல பெயர்! இதில் ஊகித்த 24-ஐ அளந்த 24 போலவே எண்ணுவதால் பிழை வீச்சும் பொய்யாகச் சுருங்கும். 2010-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றமே, தகுந்த அறிவியல் காரணம் இல்லாமல் இதை முதன்மைக் கணக்காக வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. விடுபட்டதை நிரப்பாமல், ஒவ்வொரு வருகையிலும் அளந்த மதிப்பெண்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் எம்.எம்.ஆர்.எம். முறையைப் போடுங்கள்.

மாறன்: மேடம், அதற்குள்ளும் ஓர் ஊகம் இருக்கிறது. விலகியவர், அதுவரை அவரைப் போலவே இருந்து தொடர்ந்து வந்தவர்களின் பாதையில்தான் போயிருப்பார் என்று அது எடுத்துக்கொள்கிறது. அதாவது மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர் போல. இவர்தான் நிறுத்திவிட்டாரே! புள்ளியியலாளர் ரூபின் 1976-ல் வகுத்த அந்த நிபந்தனை பொருந்துகிறதா என்று கையிலிருக்கும் தரவை வைத்துச் சோதிக்கவும் முடியாது. அதனால் மருந்துப் பக்கம் விடுபட்டவர்களுக்கு 1, 2, 3 என்று மதிப்பெண்ணை மோசமாக்கிக்கொண்டே போய், மருந்து பலன் தருகிறது என்ற முடிவு எங்கே கவிழ்கிறது என்று காட்டுங்கள். 1-லேயே கவிழ்ந்தால் அந்த மருந்தை நான் நம்பமாட்டேன்.

சேரன்: 3 நியாயமா 8 நியாயமா என்பதும் உங்கள் இஷ்டம்தானே?

மாறன்: இஷ்டம்தான். ஆனால் எண் மேசைமேல் இருக்கிறது, நீங்கள் சண்டைக்கு வரலாம். எல்.ஓ.சி.எஃப்.பில் அது ஒளிந்திருக்கிறது.

வானதி: இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. மாத்திரையை நிறுத்துவது வேறு, ஆய்வை விட்டுப் போவது வேறு. நிறுத்தியவரையும் 24-வது வாரம் கூப்பிட்டுத் தேர்வு வையுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

சேரன்: பராமரிக்கும் மகளுக்கு இன்னொரு நாள் லீவு யார் கொடுப்பது? சரி, கூப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் எல்.ஓ.சி.எஃப். அட்டவணை பின்னிணைப்பில் இருக்கும். பழைய சோதனைகளோடு ஒப்பிட எனக்கு அது வேண்டும்.